காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவருக்கு வெளியே ஒட்டுப்புரதங்கள் வந்து சேர்வது எப்படி?

இருமலில் கிளம்பும் நுண்துளியோடு நுரையீரலின் காற்று நுண்ணறைக்குள் போய் விழுகிற காசநோய்க் கிருமி, அங்கே எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சமயம் மேக்ரோபேஜ் எனும் விழுங்கு செல் அதை விழுங்கிவிடுகிறது. அந்த நுழைவில் கிருமியின் மேலிருக்கும் சர்க்கரை, கொழுப்பு மூலக்கூறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் விழுங்கும் தொழில் இல்லாத, நுரையீரலின் உட்பரப்பை மூடியிருக்கும் எபிதீலியச் செல்லோடும், செல்களுக்கு இடையே பரவியிருக்கும் ஃபைப்ரோனெக்டின், லாமினின் போன்ற இழைப்புரதங்களோடும் ஒட்ட, கிருமிக்கு அடிசின் எனப்படும் ஒட்டுப்புரதங்கள் தேவைப்படுகின்றன.

எல்லாப் புரதங்களையும் போலவே இவையும் செல்லின் உள்ளே உருவாகின்றன. அங்கிருந்து வெளிமுகம் வரை வந்து சேர வேண்டும். நடுவில் இருப்பதோ, பாக்டீரியாக்களிலேயே மிகத் தடித்த, மிகக் கொழுப்பான சுவர்களில் ஒன்று. உள்சவ்வைத் தாண்டும் வழிகள் ஓரளவு தெளிவாகிவிட்டன. வெளிச்சவ்வைத் தாண்டும் வழி இன்னும் பெரும்பாலும் இருட்டில்தான் இருக்கிறது. அதனால் ஒரு புரதம் “மேற்பரப்பில் இருக்கிறது” என்று எங்கு படித்தாலும், அதைக் காட்டிய சோதனை சுவரின் எந்த அடுக்கு வரை எட்டக்கூடியது என்று கேட்பது அவசியம். இந்தத் துறையில் வரும் குழப்பங்களில் பாதி அந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

சுவரின் அடுக்குகள்

கிருமி 2 முதல் 4 மைக்ரோமீட்டர் நீளமுள்ள கோல். உள்ளிருந்து வெளியே போனால் முதலில் பிளாஸ்மா சவ்வு. அதன் மேல் பெப்டிடோகிளைக்கான் வலை. அந்த வலையோடு வேதிப்பிணைப்பால் சேர்ந்த அராபினோகாலக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலி. அதன் நுனிகளில் மைக்கோலிக் அமிலங்கள். இவை 60 முதல் 90 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட கொழுப்பு அமிலங்கள். சாதாரண செல் சவ்வில் உள்ளவற்றுக்கு 16, 18 கார்பன்தான். இந்த மைக்கோலிக் அமிலங்கள் வெளிச்சவ்வின் உட்புற அடுக்காக நிற்க, டிரெஹலோஸ் டைமைக்கோலேட், பிடிஐஎம் எனப்படும் மெழுகு, சல்போலிப்பிடு போன்ற தனிக் கொழுப்புகள் வெளிப்புற அடுக்காகின்றன. இப்படி ஒரு இரண்டாம் சவ்வு உண்மையிலேயே இருக்கிறது என்பது 2008-இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில்தான் நேரடியாகத் தெரிந்தது. அதன் தடிமன் 7, 8 நானோமீட்டர்.

அதற்கும் வெளியே, குளுக்கனும் அராபினோமன்னனும் புரதங்களும் கலந்த தளர்வான உறை ஒன்று உண்டு. இதைக் காப்சூல் என்கிறார்கள். எதனோடும் வேதிப்பிணைப்பு இல்லாததால் சின்னத் தொந்தரவிலேயே கழன்றுவிடும். இந்த உறையைப் பின்னால் மறுபடி சந்திப்போம். சோதனைகளில் அதிகம் தொலைந்துபோவது இதுதான்.

மற்ற பாக்டீரியாக்களுக்குத் தெரிந்த குறுக்குவழிகள் இந்தக் கிருமிக்கு உதவுவதில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவற்றுக்கு வெளிச்சவ்வே கிடையாது. சார்ட்டேஸ் என்ற நொதி புரதத்தை நேரே பெப்டிடோகிளைக்கானில் தைத்துவிட்டால் போதும், அது வெளியே தெரியும். ஈ.கோலை போன்றவற்றுக்கு வெளிச்சவ்வு உண்டு, ஆனால் அதில் புரதத்தைச் செருகித்தர ‘பாம்’ என்ற இயந்திரமும் உண்டு. அந்த இயந்திரத்தின் மையப் புரதத்துக்கு இணையானது எதுவும் மைக்கோபாக்டீரியாவில் காணப்படவில்லை.

எச்பிஎச்ஏ: நன்கு அறியப்பட்ட பிடிமானம்

ஒட்டுப்புரதங்களில் மிக ஆழமாக ஆராயப்பட்டது எச்பிஎச்ஏ. ஹெப்பாரின் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கும், சிவப்பணுக்களைத் திரளச் செய்யும் என்பதால் வந்த பெயர். 1996-இல் பிரான்ஸின் லீல் நகரிலுள்ள பாஸ்டர் நிறுவனக் குழு இதை அடையாளம் கண்டது. மரபணுவின் எண் ஆர்வி0475. 199 அமினோ அமிலங்கள். கணக்குப்படி எடை சுமார் 21 கிலோடால்டன், ஆனால் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டினால் 28 கிலோடால்டன் இடத்தில் நிற்கும். புதிதாக வேலை தொடங்குபவர்கள் தவறான பட்டை என்று இதை ஒதுக்கிவிடுவது உண்டு. லைசின் மிகுந்த வால் உள்ள புரதம் அப்படித்தான் ஓடும்.

அந்த வால்தான் ஒட்டும் பகுதி. லைசின், அலனின், புரோலின் ஆகிய மூன்றே அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் ஒரு நீட்சி. லைசினில் நேர்மின்சுமை. நம் எபிதீலியச் செல்களின் மேல் தொங்கும், ஹெப்பாரினை ஒத்த ஹெப்பரான் சல்பேட் சங்கிலிகளில் எதிர்மின்சுமை. ஒட்டுதலின் அடிப்படை இந்த மின்கவர்ச்சி. எனவேதான் கரைசலில் ஹெப்பாரினைக் கலந்தால் ஒட்டுதல் தடைபடுகிறது, உப்பின் செறிவை உயர்த்தினால் ஹெப்பாரின் தூணில் பிடித்திருந்த எச்பிஎச்ஏ கழன்று வருகிறது. ஒரே ஒட்டுதல் சோதனையை வேறு வேறு உப்புச் செறிவுள்ள கரைசல்களில் செய்துவிட்டு எண்களை ஒப்பிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையில் ஹெப்பாரினைப் பூசி, உயிருள்ள பிசிஜி தடுப்பூசிக் கிருமியின் மேல் புள்ளி புள்ளியாகத் தொட்டு எடுத்த அளவீடு 2005-இல் வெளியானது. ஒற்றைப் பிணைப்பை அறுக்கத் தேவைப்பட்ட விசை சுமார் 50 பிக்கோநியூட்டன். விசையின் அளவை விட அதன் பரவல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எச்பிஎச்ஏ மேற்பரப்பெங்கும் சீராகத் தூவப்பட்டிருக்கவில்லை, சின்னச் சின்னத் திட்டுகளாகக் கூடியிருந்தது. தனித்தனிப் பிணைப்பு வலுவற்றதாக இருந்தாலும், ஒரு திட்டில் உள்ள பல மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் பிடித்தால் கிருமி எளிதில் விடுபடாது. எதிரே ஹெப்பரான் சல்பேட் சங்கிலிகளும் கொத்துக் கொத்தாகவே நிற்கின்றன.

2001-இல் வந்த எலி ஆய்வு இதன் பயனைக் காட்டியது. எச்பிஎச்ஏ இல்லாத கிருமி மேக்ரோபேஜுக்குள் வழக்கம்போல் நுழைந்தது, எபிதீலியச் செல்லில் ஒட்டுவதில் பின்தங்கியது. மூக்கு வழியாகக் கொடுத்தபோது நுரையீரலில் பெருகியது. ஆனால் மண்ணீரலுக்குப் பரவியது குறைந்தது. அதாவது, இந்தப் புரதம் நுரையீரலைப் பிடிப்பதற்கு அல்லாமல், நுரையீரலை விட்டு வெளியேறுவதற்கே அதிகம் தேவைப்படுகிறது.

இத்தனை தெரிந்த புரதத்துக்கும், வெளியேற்றத்துக்கான முகவரிச்சீட்டு போன்ற சிக்னல் பெப்டைடு கிடையாது. அது எந்த வழியாக வெளியே வருகிறது என்பது தீராத கேள்வி.

இன்னொரு நுணுக்கம். வாலிலுள்ள லைசின்களில் பலவற்றின் மேல் கிருமி மெத்தில் குழுக்களை ஏற்றுகிறது. டிரிப்சின் போன்ற நொதிகள் லைசின், ஆர்ஜினின் ஆகியவற்றுக்குப் பக்கத்தில்தான் வெட்டும். மெத்தில் ஏறிய லைசினில் அவற்றால் எளிதில் வெட்ட முடியாது. நுரையீரலில் புரதம் சிதையாமல் நிற்க இது ஒரு கவசம். ஈ.கோலையில் தயாரித்த எச்பிஎச்ஏ-வில் இந்த மெத்தில்கள் இருக்காது. அதை வைத்து நோயெதிர்ப்புச் செல்களின் பதிலை அளந்தால் இயற்கைப் புரதம் தரும் விடை கிடைக்காது. மெத்தில்களோடு வேண்டுமென்றால் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் போன்ற உறவுக்கார பாக்டீரியாவில் தயாரிக்க வேண்டும்.

மற்றவை

ஆன்டிஜன் 85 என்பது மூன்று புரதங்களின் குடும்பம். 30 முதல் 32 கிலோடால்டன். முதலில் ஃபைப்ரோனெக்டினைப் பிடிப்பவை என்றே அறியப்பட்டன. 1997-இல்தான் அவை மைக்கோலிக் அமிலத்தை இடம் மாற்றிப் பொருத்தும் நொதிகள் என்று தெரிந்தது. வெளிச்சவ்வைக் கட்டும் கொத்தனாரே வெளியில் இருப்பவரையும் பிடித்துக்கொள்கிறார். இவற்றுக்கு முறையான சிக்னல் பெப்டைடு உண்டு, பெருமளவில் வளர்ப்பு நீரிலும் கலந்துவிடும்.

மாலேட் சின்தேஸ், ஜிஏபிடிஎச், சிபிஎன்60.2, டிஎன்ஏகே ஆகியவற்றின் கதை வேறு. இவை செல்லுக்குள் வளர்சிதை மாற்றத்தையும் புரத மடிப்பையும் கவனிப்பவை. சிக்னல் பெப்டைடு கிடையாது. ஆனாலும் மாலேட் சின்தேஸ் லாமினினையும் ஃபைப்ரோனெக்டினையும், சிபிஎன்60.2 மேக்ரோபேஜின் மேலுள்ள சிடி43 என்ற புரதத்தையும், ஜிஏபிடிஎச் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினையும் வெளியில் நின்று பிடிப்பதாக ஆய்வுகள் உள்ளன. இரட்டை வேலை செய்யும் புரதங்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். வளர்ப்பில் செத்து உடைந்த கிருமிகளிலிருந்து சிதறிய உள்புரதங்கள், உயிரோடிருக்கும் கிருமிகளின் பசைத்தன்மையான மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். நேராக வெளியேறி வந்ததா, பக்கத்துப் பிணத்திலிருந்து வந்து ஒட்டியதா என்று நுண்ணோக்கிப் படத்தில் பிரித்தறிய முடியாது. நோயாளியின் உடலிலும் கிருமிகள் சாகத்தான் செய்கின்றன என்பதால் இரண்டாவது வகை ஒட்டுதலுக்கும் நிஜமான பங்கு இருக்கலாம். ஆனால் அது ‘சுரப்பு’ ஆகாது.

2007-இல் எம்டிபி என்ற மெல்லிய இழைகளும் கண்டறியப்பட்டன. 2, 3 நானோமீட்டர் அகலம், லாமினினைப் பிடிக்கும், செல்லிலிருந்து தொலைவாக நீளும். மெழுகுச் சுவருக்கு அப்பால் எட்டிப் பிடிக்க இழை ஒரு நல்ல வழி.

உள்சவ்வைத் தாண்டும் வாசல்கள்

மடிக்காத புரதத்தை நூல்போல் வெளியே தள்ளும் ‘செக்’ வழி, மடித்த புரதத்தை அப்படியே கடத்தும் ‘டேட்’ வழி, சில தனிப் புரதங்களுக்கான ‘செக்ஏ2’ ஆகியவை முதல் வகை. ‘செக்’ வழியே போகும்போதே சில புரதங்களின் மேல் மன்னோஸ் சர்க்கரை ஏற்றப்படுகிறது. ஏபிஏ என்ற புரதம் அப்படிப்பட்டது. நுரையீரலின் உட்பரப்பைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற திரவத்திலுள்ள எஸ்பி-ஏ புரதம் இந்தச் சர்க்கரையைப் பிடிக்கிறது. கொழுப்புப்புரதங்கள் சுமார் நூறு உண்டு. சிஸ்டீன் ஒன்றில் கொழுப்பு இணைந்து சவ்வில் நங்கூரம் பாய்ச்சியிருப்பவை. நங்கூரம் பாய்வது உள்சவ்வின் வெளிமுகத்தில். எல்பிக்யூஎச் போன்ற சில அதையும் தாண்டி வெளியே தென்படுகின்றன. கிருமி வெளியிடும் நுண்குமிழிகளிலும் அவை கிடைக்கின்றன.

இரண்டாம் வகை, ஏழாம் வகைச் சுரப்பு இயந்திரம் எனப்படும் ஈஎஸ்எக்ஸ். காசநோய்க் கிருமியில் இப்படி ஐந்து. ஈஎஸ்எக்ஸ்-1 வழியே 95 அமினோ அமிலங்கள் கொண்ட ஈசாட்-6, அதன் இணையான சிஎஃப்பி-10-உடன் ஜோடியாக வெளியேறுகிறது. பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் இதற்கான மரபணுப் பகுதி அறுந்துபோயிருக்கிறது. ஈசாட்-6 லாமினினைப் பிடிப்பதாகவும் காட்டப்பட்டிருக்கிறது. ஈஎஸ்எக்ஸ்-5, பிஇ, பிபிஇ என்ற இரண்டு பெரிய குடும்பங்களை வெளியே அனுப்புகிறது. மரபணுத் தொகுப்பின் குறியீட்டுத் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவ்விரண்டுக்கே போகிறது. இவற்றில் பல வெளிச்சவ்வில் அமர்பவை. பிஇ பகுதி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதால், வேறொரு புரதத்தை அதன் பின்னால் இணைத்து பிசிஜியின் மேற்பரப்பில் நிறுத்தவும் முடிந்திருக்கிறது.

2021-இல் ஈஎஸ்எக்ஸ்-5 இயந்திரத்தின் முழு வடிவம் வெளியானது. 2 மெகாடால்டனுக்கும் மேற்பட்ட எடை, சவ்வைக் குறுக்கே கடக்கும் 165 சுருள்கள், அறுகோண அமைப்பு. ஆனால் இவ்வளவு பெரிய இயந்திரமும் உள்சவ்வோடு நின்றுவிடுகிறது. வெளிச்சவ்வில் அதன் தொடர்ச்சி என்று உறுதியாகச் சொல்லக்கூடிய துளை எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

எல்லாத் திரிபுகளும் ஒரே முகத்தைக் காட்டுவதும் இல்லை. பிபிஇ38 என்ற புரதம் இல்லாவிட்டால் பிஇ-பிஜிஆர்எஸ் துணைக்குடும்பம் வெளியேறுவதே நின்றுவிடும். பெய்ஜிங் வகையைச் சேர்ந்த பல திரிபுகளில் அந்த மரபணு அறுந்திருக்கிறது. எச்37ஆர்வி என்ற ஆய்வகத் திரிபில் வரைந்த மேற்பரப்பு வரைபடத்தை நோயாளியிடமிருந்து எடுத்த கிருமிக்கு அப்படியே பொருத்த முடியாததற்கு இது ஒரு காரணம்.

வெளியே இருக்கிறதா என்று சோதிப்பது

தவறு நுழையும் முதல் இடம் வளர்ப்பு ஊடகம். மைக்கோபாக்டீரியா கட்டி கட்டியாகத் திரளும், அதனால் வழக்கமாக 0.05 சதவீதம் ட்வீன்-80 சேர்ப்பார்கள். ட்வீன் ஒரு சலவைப்பொருள். காப்சூலையும் அதிலிருக்கும் புரதங்களையும் உரித்து ஊடகத்தில் கரைத்துவிடும். அப்படி வளர்த்த கிருமியைக் கழுவிச் சோதித்தால், வெளியே இருந்த புரதம் ‘இல்லை’ என்றே விடை வரும். ட்வீனே சேர்க்காவிட்டால் திரளும், உள்ளே மாட்டிய கிருமிகளை எந்தச் சோதனைப்பொருளும் எட்டாது. நடைமுறையில் செய்யத்தக்கது, முதல் சுற்றுகளை ட்வீனோடு வளர்த்து, கடைசிச் சுற்றைச் சாட்டன் போன்ற செயற்கை ஊடகத்தில் சலவைப்பொருள் இல்லாமல் வளர்ப்பது. பிறகு குறைந்த வேகத்தில், 100 முதல் 200 ஜி விசையில் 5, 10 நிமிடம் சுழற்றிக் கட்டிகளைக் கீழே தள்ளி மேல்நீரை மட்டும் எடுப்பது. வேண்டுமானால் 5 மைக்ரோமீட்டர் வடிகட்டியிலும் விடலாம். ஊசித்துளை வழியே பலமுறை அழுத்தினால் கட்டி பிரியும், கூடவே காப்சூலும் சேதப்படும்.

ஊடகத்தில் சேர்க்கும் அல்புமின் இரண்டாவது தொல்லை. லிட்டருக்கு 5 கிராம் என்பது கிருமியின் மொத்தப் புரதத்தையும் மூழ்கடிக்கும் அளவு. அது மேற்பரப்பில் படிந்து, குறியிடும் வேதிப்பொருளையெல்லாம் தானே குடித்துவிடும்.

வளர்ப்பின் வயதும் முக்கியம். இந்தக் கிருமி இரட்டிப்பாக 18 முதல் 24 மணி நேரம் ஆகும். வளர்ச்சி வேகமாக இருக்கும் நடுப்பருவத்தில் அறுவடை செய்ய வேண்டும். பல வாரம் கிடந்த வளர்ப்பில் உடைந்த செல்கள் பெருகி, உள்புரதம் எல்லாமே ‘மேற்பரப்புப் புரதம்’ ஆகிவிடும்.

மேற்பரப்பைக் குறியிட அதிகம் பயன்படுவது சல்போ-என்எச்எஸ் பயோட்டின். அமீன் குழுக்களோடு இணையும், மின்சுமை உள்ளதால் சவ்வைத் தாண்டாது என்பது எதிர்பார்ப்பு. பாஸ்பேட் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, மில்லிக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வீதம், பிஎச் 8-இல், 4 டிகிரியில் 30 நிமிடம். பிறகு 100 மில்லிமோலார் கிளைசினால் நிறுத்துவது. டிரிஸ் கரைசலில் கழுவினால் டிரிஸின் அமீனே பயோட்டினைத் தின்றுவிடும், எதுவும் குறியாகாது. இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. இந்தப் பயோட்டின் 600 டால்டனுக்கும் குறைவான சிறு மூலக்கூறு. வெளிச்சவ்வில் சிறு மூலக்கூறுகள் நுழையும் துளைகள் உண்டு. குறிப்பாக ஸ்மெக்மாட்டிஸில் எம்எஸ்பிஏ என்ற அகலமான துளை ஏராளம். எனவே இரண்டு சவ்வுகளுக்கும் இடையில் இருக்கும் புரதமும் குறியேற வாய்ப்புண்டு. இந்த முறையில் கிடைக்கும் பட்டியல், உள்சவ்வுக்கு வெளியே இருப்பவற்றின் பட்டியல் என்பதுதான் நியாயமான வாசிப்பு.

வெளிச்சவ்வையே எல்லையாகக் கொள்ள வேண்டுமானால் பெரிய மூலக்கூறு வேண்டும். புரோட்டினேஸ் கே சுமார் 29 கிலோடால்டன், துளைகளில் நுழையாது. மில்லிக்கு 100 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு தடுப்பானால் நிறுத்தி, கிருமியை உடைத்து, எதிர்ப்பொருளால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் எந்தப் புரதம் காணாமல் போயிற்று என்று பார்ப்பது. டிரிப்சினைப் பயன்படுத்தினால் எச்பிஎச்ஏ-வின் வால் வெட்டுப்படாமல் தப்பிக்கக்கூடும், அது உள்ளே இருப்பதால் தப்பியது என்று தவறாக முடிவெடுக்க நேரும். காரணம் மேலே சொன்ன மெத்தில் கவசம். நொதியை மாற்றிப் பார்ப்பதும், உடைத்த செல்லில் அதே நொதி அதே புரதத்தை வெட்டுகிறதா என்று காட்டுவதும் தவிர்க்கக்கூடாத ஒப்பீடுகள்.

செல் உடையவில்லை என்று காட்டும் உள்புரதச் சாட்சியாகப் பழைய வழக்கப்படி, புரத மடிப்புக்கு உதவும் க்ரோஇஎல் குடும்பத்தைப் பயன்படுத்துவோர் இன்னும் உண்டு. சிபிஎன்60.2 அந்தக் குடும்பம்தான். மேற்பரப்பில் இருப்பதாகவே சந்தேகிக்கப்படும் புரதத்தை, உள்ளே இருப்பதற்கான சாட்சியாக நிறுத்தக் கூடாது. ஆர்என்ஏ பாலிமரேஸின் துணையலகு இன்னும் நம்பகமானது.

ஒட்டுதலை அளப்பது

வெளியே இருப்பது ஒன்று, அங்கிருந்து ஒட்டுவது வேறொன்று. வழக்கமான சோதனையில் ஏ549 எனும் மனித நுரையீரல் எபிதீலியச் செல்களை ஒரு குழிக்கு 2 லட்சம் வளர்த்து, செல்லுக்குப் பத்து கிருமி வீதம் 20 லட்சம் சேர்ப்பார்கள். 4 டிகிரியில் வைத்தால் செல் கிருமியை உள்ளிழுக்காது, ஒட்டுதல் மட்டும் நடக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவி, 0.1 சதவீத டிரைடான் எக்ஸ்-100-ஆல் செல்லை உடைத்து, 7எச்11 என்ற ஊட்ட ஊடகத் தட்டில் விதைத்து மூன்று வாரம் காத்திருந்து எண்ணுவது. இதெல்லாம் மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தில்தான் செய்யத்தக்கது.

எண்ணிக்கை பொய்க்கும் இடங்கள் இரண்டு. முப்பது கிருமி கொண்ட ஒரு கட்டி ஒட்டினால் தட்டில் ஒரே காலனிதான் வரும். எச்பிஎச்ஏ கிருமிகளையே ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம் என்பதால், அது இல்லாத திரிபு குறைவாகத் திரளும். ஒட்டுதல் மாறாமலேயே காலனி எண்ணிக்கை மாறிவிடும். நுண்ணோக்கியில் கட்டிகளின் அளவையும் கூடவே பார்க்காத முடிவை நம்ப முடியாது. அடுத்தது பிளாஸ்டிக். மெழுகுக் கிருமி வெறும் குழியிலேயே நன்றாக ஒட்டும். செல் இல்லாத குழி ஒன்றைக் கூடவே நடத்தி அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். ஒட்டுதல் ஹெப்பரான் சல்பேட் வழியாகத்தானா என்று பார்க்க, அத்தகைய சர்க்கரைச் சங்கிலிகளைச் செய்யத் தெரியாத சிஎச்ஓ (ஹாம்ஸ்டர் கருப்பைச் செல்) திரிபு நல்ல கருவி. சல்பேட் நீக்கிய ஹெப்பாரின் தடுக்காமல், சாதாரண ஹெப்பாரின் தடுத்தால் வாதம் இன்னும் வலுப்படும்.

மரபணு நீக்கிய திரிபைப் பயன்படுத்தும்போது பிடிஐஎம் மெழுகையும் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்க்கும்போது இந்த மெழுகைச் செய்யும் திறனைக் கிருமி தானாகவே இழந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது மேற்பரப்பே வேறாகிவிடும், வீரியமும் குறையும். பழியோ நீக்கிய மரபணுவின் மேல் விழும்.

தடுப்பூசிப் பேச்சில் இது எங்கே வருகிறது

மேற்பரப்பில் இருக்கும் புரதம் என்றால் உடனே தடுப்பூசிக்கு ஏற்றது என்று எழுதிவிடுகிறார்கள். அதில் ஒரு குழப்பம் இருக்கிறது. டி செல்களுக்குப் புரதம் வெளியே தெரிய வேண்டிய அவசியமில்லை. மேக்ரோபேஜ் கிருமியின் புரதங்களைத் துண்டாக்கி, அந்தத் துண்டுகளைத் தன் மேல் காட்டினால் போதும். ஆன்டிஜன் 85ஏ-வைக் கொண்ட எம்விஏ85ஏ தடுப்பூசி அந்த வழியை நம்பியது. தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடையே நடந்த பரிசோதனையின் முடிவு 2013-இல் வந்தபோது பாதுகாப்பு எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. பிபிஇ18 புரதத்தைக் கொண்ட எம்72 தடுப்பூசி, ஏற்கெனவே தொற்றுள்ள பெரியவர்களில் நோய் வருவதைச் சுமார் 50 சதவீதம் குறைத்தது. 2024-இல் அதன் மூன்றாம் கட்டப் பரிசோதனை தொடங்கியது. இரண்டுமே ஒட்டுதலைத் தடுக்கும் நோக்கில் வடிவமைத்தவை அல்ல.

மேற்பரப்புக் காட்சி உண்மையில் தேவைப்படுவது எதிர்ப்பொருளுக்கு. எதிர்ப்பொருள் உயிருள்ள கிருமியின் மேல் போய் அமர்ந்தால்தான் பிடிமானத்தை மூட முடியும். எச்பிஎச்ஏ-க்கு எதிரான எதிர்ப்பொருளைப் பூசிய கிருமி எலியில் நுரையீரலுக்கு வெளியே குறைவாகவே பரவியது. எதிர்ப்பொருளோ சுமார் 150 கிலோடால்டன், புரோட்டினேஸ் கே-யை விட ஐந்து மடங்கு பெரியது. அதனால் பயோட்டின் ஏறியது என்ற ஒரே காரணத்தால் ஒரு புரதத்தை எதிர்ப்பொருள் இலக்காகத் தேர்ந்தெடுப்பது வீண் செலவில் முடியும். உடைக்காத, சலவைப்பொருள் காணாத கிருமியின் மேல் அதே எதிர்ப்பொருள் ஒட்டுகிறதா என்று, செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியிலோ, தங்கத்துகள் குறியிட்ட எலக்ட்ரான் நுண்ணோக்கியிலோ பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவதே சரி.